4 மில்லிமீற்றரில் மூடிய கணக்கு: படுவான்கரை வாய்க்கால் ஒன்றில் லெவல் கருவி காட்டிய பிழை

இதில் வருபவர்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அளவு பார்த்த தம்பியும் வட்டவிதானையும் (வயல்வெளியின் தண்ணீர் விநியோகத்தைப் பார்ப்பவர்) எழுதச் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். குறிப்புப் புத்தகத்தில் இருந்த எண்கள் அப்படியே இருக்கின்றன.

பின்னணி

மட்டக்களப்பின் படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்தின் கீழ் உள்ள ஒரு வட்டை, அதாவது வயல்வெளி. பிரதான வாய்க்காலில் இருந்து பிரியும் வயல் வாய்க்கால் 660 மீற்றர் நீளம், சுமார் 38 ஏக்கருக்குப் பாய்கிறது. பெரும்போக மழையில் அணைகள் கரைந்து வாய்க்கால் தூர்ந்து போயிருந்தது. சிறுபோகத் தண்ணீர் திறப்பதற்கு முன் அடிமட்டத்தைச் சரிவு எடுத்து வெட்டுவதென்றும், இரண்டு இடங்களில் வயல்களுக்குத் தண்ணீர் பிரிக்கக் கொங்கிறீற்றுப் பெட்டி கட்டுவதென்றும் கமக்காரர் அமைப்பு முடிவு செய்தது.

வைத்த சரிவு 2000க்கு 1. அதாவது 660 மீற்றர் ஓடி முடிய மொத்த இறக்கம் 33 செ.மீ., ஒன்றரைச் சாண். நம் பக்கத்து நிலம் அவ்வளவு தட்டை. இந்த ஒன்றரைச் சாணை 38 ஏக்கரும் நம்பியிருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

அளவு பார்க்கும் வேலை ஊர்த் தம்பி ஒருவருக்குக் கிடைத்தது. கட்டிடத் தொழில்நுட்பம் படித்தவர், கவனமானவர், கையெழுத்தும் கணக்கும் சுத்தம். சொந்தமாகக் கருவி இல்லை. டவுனில் ஓர் இடத்தில் ஓட்டோ லெவல் ஒன்றை (முக்காலியில் பூட்டித் தொலைநோக்கி வழியாக நிலத்தின் உயர வித்தியாசம் பார்க்கும் கருவி) நாள் வாடகைக்கு எடுத்து, வலையிறவுப் பாலம் கடந்து, வவுணதீவு வழியாக மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். நான் நீண்ட காலமாக நீர்ப்பாசன வேலைகளில் லெவல் பார்ப்பவன். சந்தேகம் வந்தால் எனக்குப் போன் எடுப்பார்.

முதல் அளவீடு

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த வாரம். தலைமதகின் கொங்கிறீற்று விளிம்பை ஆரம்பப் புள்ளியாக வைத்து, 60 மீற்றருக்கு ஒரு முளை அடித்துக்கொண்டு 11 தடவை கருவியை மாற்றி நிறுத்திக் கடைசி வயல் வரை போனார். போன வழியே அளந்துகொண்டு திரும்பியும் வந்தார். அன்றிரவு எனக்குப் போன் வந்தது.

"அண்ணன், தலைமதகில வந்து மூடிப் பார்த்தன். 4 மில்லிமீற்றர்தான் வித்தியாசம்."

மூடுவது என்றால் புறப்பட்ட புள்ளிக்கே அளந்து திரும்பி வந்து, தொடங்கிய உயரமே வருகிறதா என்று பார்ப்பது. 1.3 கிலோமீற்றர் போய்வந்த அளவுக்கு 4 மி.மீ. என்பது மண் வாய்க்கால் வேலைக்கு மிக நல்ல முடிவு. நல்லது தம்பி, வெட்டத் தொடங்குங்கள் என்று சொன்னேன். கருவியைச் சோதித்தீர்களா, எங்கெங்கே நிறுத்தினீர்கள் என்று நான் கேட்கவில்லை. இந்த நிகழ்வில் என் பங்கு அதுதான், அதை மறைக்க விரும்பவில்லை.

பெக்கோ இயந்திரம் வைத்து மூன்று நாளில் வெட்டி முடித்தார்கள். 480 மீற்றரிலும் 600 மீற்றரிலும் பெட்டிகளும் கட்டியாயிற்று.

தண்ணீர் திறந்த பிறகு

வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் தவணையை முறை என்போம். முதல் முறைத் தண்ணீரிலேயே பிரச்சினை தெரிந்தது. தலைப்பக்கம் வாய்க்கால் நிரம்பி அணைக்கு மேல் வழியப் பார்த்தது. நடுவில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. 600 மீற்றர்ப் பெட்டிக்கு அங்கால் மண் ஈரமாகக்கூட இல்லை. முறை இரண்டு நாள். அது முடிந்து மதகைப் பூட்டும்போது கடைசி மூன்று காணிக்கும் ஒரு சொட்டும் போகவில்லை.

வட்டவிதானை எனக்கே போன் எடுத்தார். "தம்பி, புல்லு மண்டிக் கிடக்கக்குள்ளயும் கடைசிக்குத் தண்ணி வந்தது. லெவல் பார்த்து வெட்டின மறுகாதான் நிக்குது. என்னெண்டு ஒருக்கா வந்து பாருங்க."

கோபம் அந்தக் குரலில் இருந்தது, நியாயமான கோபம். ஊரில் ஏற்கெனவே கதை கிளம்பியிருந்தது: தலைப்பக்கக் காணிக்காரருக்குச் சாதகமாகத் தம்பி அளவை மாற்றிவிட்டார் என்று. தண்ணீர்ப் பிரச்சினையில் இப்படித்தான் நடக்கும். இயந்திரத்தில் பிழை இருக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் மனிதரில் பிழை கண்டுவிடுவார்கள். தம்பி இரண்டு நாளாக வட்டைப் பக்கம் போகாமல் வீட்டிலேயே இருந்திருக்கிறார்.

நான் போன அன்று மேசன் ஒருவர் தன் ரியூப் லெவலோடு நின்றார். அரை அங்குலத் தெளிவான ரியூப், 20 மீற்றர், உள்ளே தண்ணீர். குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, இரண்டு முனையையும் பிடித்து, 540க்கும் 600க்கும் இடையே மூன்று பிடியில் அளந்தோம். 60 மீற்றரில் 30 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும். இறங்கியிருந்தது 16. இன்னோர் இடத்தில், 240 முதல் 300 வரை, 14. இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு குறைவு. வெட்டியவர் கைப்பிழை என்றால் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்கும். ஒரே சீராகப் பிழைப்பது கருவியின் குணம். அதோடு கருவியைப் பார்க்காமல் வேறு எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தோம்.

கருவியைக் கையில் எடுத்தபோது

நல்லகாலம், அதே கருவி வாடகைக்குக் கிடைத்தது. முக்காலியும் அதே முக்காலி. பெட்டியைத் திறந்து, எதையும் திருப்பாமல், முதலில் கண்ணால் மட்டும் பார்த்தேன்.

முக்காலியின் நடுத்திருகு, அதாவது கருவியின் அடித்தட்டைப் பிடித்து வைத்திருக்கும் பித்தளைத் திருகு, அதன் குமிழ் முழுக்கக் குறட்டுப் பல்லின் தழும்பு. விரலால் இறுக்க வேண்டிய திருகை யாரோ குறடு போட்டு இறுக்கியிருக்கிறார்கள், ஒரு தடவை அல்ல, பல தடவை. அடித்தட்டின் துளையில் முதல் இரண்டு மரை இழுபட்டுப் பளபளத்தது. கருவியைப் பூட்டி, அதை மட்டமாக்கும் அடித்திருகுகளைத் திருப்பினால் மூன்றில் ஒன்று கல்லுப்போல இறுகியது. அடித்தட்டு நடுவில் கீழே இழுபட்டு வளைந்திருந்ததுதான் காரணம்.

ஏன் குறடு? தம்பியிடம் கேட்டேன். வாடகைக்கு எடுக்கும்போதே தழும்பு இருந்ததாம். ஆனால் தானும் இறுக்கியதாகச் சொன்னார்: "முக்காலி ஆடினது அண்ணன். ஆட்டம் நிக்கட்டும் எண்டு இறுக்கினன்." முக்காலியைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் மேலே இல்லை. காலும் தலையும் சேரும் மூட்டில் இரண்டு சுரை தளர்ந்திருந்தது. 13ஆம் நம்பர் ஸ்பேனரால் கால்வாசித் திருப்பு, ஆட்டம் போய்விட்டது. இவ்வளவு காலமும் வாடகைக்கு எடுத்த ஒவ்வொருவரும் காலில் இருந்த ஆட்டத்துக்குக் கருவியின் கழுத்தை நெரித்திருக்கிறார்கள்.

துப்பாக்கியின் மேல் பூட்டும் தொலைநோக்கியை வைத்திருப்பவர்களுக்கும் இது தெரிந்த கதையாக இருக்கும். பிடிக்கும் வளையத்தின் திருகுகளை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் குழாய் நசுங்கும், உள்ளே குறுக்குக் கோட்டை நகர்த்தும் பாகம் சிக்கும். குறி தவறுவதற்கும் அடித்தளம் தளர்ந்திருப்பதுதான் பல தடவை காரணம். குழாய்க்குள் கண்ணாடி வைத்த கருவிகளில் பூட்டும் இடத்தில் கவனம் வேண்டும்.

அடுத்தது இன்னும் முக்கியம். கண்வில்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்க வேண்டும், அதற்குள், தடியில் எண்ணை வாசிக்கும் குறுக்குக் கோட்டை மேலும் கீழும் நகர்த்தும் திருகு. மூடியைக் காணவில்லை. திருகைச் சரிப்படுத்தும் ஊசியை வைத்துத் தொட்டாலே அசைந்தது.

தம்பி கருவியைக் கொண்டுவந்த விதத்தையும் கேட்டு எழுதிக்கொண்டேன். டவுனில் இருந்து வரும்போது பெட்டியில்தான் வந்திருக்கிறது. வட்டைக்குள் மட்டும், ஒவ்வொரு நாளும் பூட்டிக் கழற்றும் நேரத்தை மிச்சப்படுத்த, முக்காலியிலேயே பூட்டியபடி பின்னால் இருந்தவர் தோளில் வைத்துக்கொண்டு கிறவல் பாதையில் மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறார்கள். தளர்ந்த திருகுக்கு அந்த அதிர்வு போதும். திருகு முதலே தளர்ந்திருந்ததா, இந்தப் பயணத்தில் தளர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டும் சேர்ந்தது என்பது என் கணிப்பு.

உள்ளே தொங்கும் ஊசலுக்குச் சேதமா என்றும் பார்த்தோம். ஸ்டாஃப் தடியில் (முளையில் நிமிர்த்திப் பிடிக்கும் அளவுத் தடி) ஒரு வாசிப்பைப் பிடித்துக்கொண்டு முக்காலிக் காலை விரலால் தட்டினேன். குறுக்குக் கோடு துடித்துவிட்டு அதே எண்ணில் வந்து நின்றது. அடித்திருகை இலேசாகத் திருப்பியும் பார்த்தேன், குமிழி வட்டத்துக்குள் இருக்கும் வரை வாசிப்பு மாறவில்லை. ஊசல் நலம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். ஓட்டோ என்ற பெயரைக் கேட்டதும் கருவி தன் பிழையைத் தானே திருத்தும் என்று நினைக்கிறார்கள். ஊசல் செய்வது ஒரே வேலை: கருவி கொஞ்சம் சாய்ந்தாலும் பார்வைக் கோட்டின் சரிவை மாறாமல் வைத்திருக்கும். குறுக்குக் கோடு இடம் மாறிப் பார்வைக் கோடு மேல்நோக்கிப் போனால், அந்தப் பிழையான சரிவையும் அவ்வளவு விசுவாசமாக வைத்திருக்கும்.

இரு முளைச் சோதனை

காலை 6.30க்கு, கானல் எழும்புவதற்கு முன், அணை ஓரத்தில் 60 மீற்றர் இடைவெளியில் அ, ஆ என்று இரண்டு முளை அடித்தோம்.

முதலில் கருவி சரி நடுவில். அ 1.432, ஆ 1.287. வித்தியாசம் 0.145. இரண்டு பக்கமும் 30 மீற்றர் என்பதால் கருவியில் எவ்வளவு பிழை இருந்தாலும் இரண்டு வாசிப்பிலும் சமமாக ஏறும், கழிக்கும்போது போய்விடும். ஆகவே இந்த 0.145 உண்மை.

பிறகு கருவியை அ முளைக்கு 3 மீற்றர் வெளியே, அதே கோட்டில் நிறுத்தினோம். அ 1.518. ஆ 1.395. வித்தியாசம் 0.123.

60 மீற்றருக்கு 22 மி.மீ. பிழை. 3 மி.மீ.க்கு மேல் போனால் நான் அந்தக் கருவியை வேலைக்கு எடுப்பதில்லை. தம்பி எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் கழித்துப் பார்த்தார். பிறகு விதானையாரைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் காட்டினார். அந்த இடத்தில் ஊர்க்கதை முடிந்தது.

அப்படியென்றால் கணக்கு எப்படி மூடியது?

எனக்கு இதுதான் பெரிய கேள்வி. 22 மி.மீ. பிழையுள்ள கருவி போய்வந்து 4 மி.மீ.யில் எப்படி மூடும்?

எங்கே நிறுத்தினீர்கள் என்று இப்போது கேட்டேன். ஆள் இரண்டு பேர்தான். பெட்டியையும் பையையும் அதிகம் நகர்த்தாமல் இருக்க, ஒவ்வொரு முளையையும் 10 மீற்றர் தாண்டிக் கருவியை நிறுத்தியிருக்கிறார். பின்பார்வை (கடந்து வந்த முளையைப் பார்ப்பது) 10 மீற்றர், முன்பார்வை (அடுத்த முளையைப் பார்ப்பது) 50. பார்வைக் கோடு மேல்நோக்கிப் போவதால் தூரத்துத் தடியில் வாசிப்புக் கூடும்; வாசிப்புக் கூடினால் நிலம் இருப்பதைவிடத் தாழ்வாகத் தெரியும். 40 மீற்றர் வித்தியாசத்துக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் 14.7 மி.மீ. பதினொன்றுக்கும் சேர்த்து 16 செ.மீ. கடைசி முளை உண்மையைவிட 16 செ.மீ. கீழே இருப்பதாகப் புத்தகம் சொன்னது. ஏற்கெனவே கீழே இருக்கிறது என்று நம்பி, வெட்ட வேண்டியதில் 16 செ.மீ. வெட்டாமல் விட்டார்கள். 33 செ.மீ. இறக்கம் 17 ஆனது.

திரும்பி வரும்போது முக்காலிக் கால் பதிந்த குழிகள் அணையில் அப்படியே இருந்தன. இறுகிய மண், நம்பகமான இடம். அதே குழிகளில் நிறுத்தினார். இப்போது பின்பார்வை 50, முன்பார்வை 10. போகும்போது ஏறிய அதே 14.7, வரும்போது எதிர்ப்பக்கமாக ஏறிப் பழைய பிழையை ஒவ்வொன்றாக அழித்தது. புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தபோது கணக்கில் ஒன்றுமில்லை, வெறும் கைப்பிழை 4 மி.மீ.தான் மிச்சம். வேறு இடங்களில், போகும்போது போலவே 10க்கு 50 என்று நிறுத்தி வந்திருந்தால் 32 செ.மீ. வித்தியாசம் காட்டி அன்றைக்கே எச்சரித்திருக்கும்.

அவர் செய்தது சோம்பேறி வேலை அல்ல. இறுகிய மண்ணைத் தேடி நிறுத்திய நல்ல பழக்கமே பிழையை மறைத்துவிட்டது. கணக்கு நன்றாக மூடியது என்று கேட்டவுடன் கருவியும் நன்று என்று முடிவுகட்டியது நான். மூடும் கணக்கு வாசிப்பவரின் கைப்பிழையைக் காட்டும். பார்வைக் கோட்டின் பிழையை, நிறுத்திய தூரங்கள் எப்படி என்பதைப் பொறுத்து, காட்டவும் செய்யும், விழுங்கவும் செய்யும்.

எடுத்த முடிவுகள்

இரண்டு வழி இருந்தது: கருவியைக் கொழும்புக்குத் திருத்த அனுப்புவது, அல்லது நாங்களே குறுக்குக் கோட்டைச் சரிசெய்வது. அனுப்பினால் வாரக்கணக்கில் போகும். நாற்று அவ்வளவு நாள் தாங்காது. ஊசல் நலமாக இருந்ததாலும், தளர்ந்தது வெளியில் இருந்து தொடக்கூடிய திருகு என்பதாலும் இரண்டாவதை எடுத்தோம், உரிமையாளருக்குப் போனில் சொல்லி அனுமதி வாங்கிய பிறகு. ஊசலில் சந்தேகம் இருந்திருந்தால் கை வைத்திருக்க மாட்டேன். குழாயைத் திறப்பதில்லை என்பதும் அப்போதே பேசிக்கொண்டது. வட்டைக்குள் திறந்தால் தூசியும் ஈரமும் உள்ளே போகும், பிறகு பூஞ்சணம்.

ஆ தடியில் வர வேண்டிய சரியான வாசிப்பு 1.372. கருவிக்கும் தடிக்கும் 63 மீற்றர், மீற்றருக்கு 0.37 மி.மீ. வீதம் 23 மி.மீ. கழித்தால் அது வரும். திருகை ஊசியால் மயிரிழை அளவு திருப்ப 1.366க்கு இறங்கிவிட்டது. கொஞ்சம் பின்னால் எடுத்து 1.373இல் நிறுத்தி, முழுச் சோதனையையும் முதலில் இருந்து செய்தோம். 60 மீற்றருக்கு 1 மி.மீ.

அதோடு விடவில்லை. வளைந்த அடித்தட்டு அப்படியே இருக்கிறது, திருகு மறுபடியும் தளராது என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. ஆகவே மறு அளவீட்டில் பின்பார்வையும் முன்பார்வையும் சமதூரம், 30க்கு 30, என்று வைத்தோம். தூரத்தைக் கருவியே சொல்லும்: குறுக்குக் கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு சின்னக் கோடுகளின் வாசிப்பைக் கழித்து 100ஆல் பெருக்கினால் மீற்றர். அந்த இரண்டு வாசிப்பையும் ஒவ்வொரு வரியிலும் எழுதினோம். முதல் புத்தகத்தில் அவை இருந்திருந்தால் 10, 50, 10, 50 என்று கண்ணில் குத்தியிருக்கும்.

பூட்டும் முறையையும் தம்பிக்கு அங்கேயே காட்டினேன். முதலில் முக்காலிக் கால்களை மண்ணில் மிதித்து இறக்கு, தலையைக் கண்ணால் பார்த்து ஏறத்தாழ மட்டமாக்கு. கருவியை ஒரு கையால் பிடித்தபடியே நடுத்திருகை முதலில் எதிர்ப்பக்கம் திருப்பு. மரை ஒன்று 'டக்' என்று இறங்கும். அதன் பிறகு முன்பக்கம் திருப்பினால் மரை குறுக்காக ஏறாது. விரல் நுனியால் நின்ற இடத்தில் விடு. அடித்திருகு இறுகினால் நடுத்திருகு கூடிவிட்டது என்று அர்த்தம், தளர்த்து. மூன்று அடித்திருகும் தொடங்கும்போது பாதி உயரத்தில் இருக்கட்டும். அவர் மூன்று தடவை பூட்டிக் கழற்றினார். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு அந்த 'டக்'கைக் கேட்டார்.

என்ன நடந்தது

இரண்டு தண்ணீர் முறைக்கு இடையே வாய்க்கால் பூட்டியிருந்த நாட்களில் 12 பேர் மண்வெட்டியோடு இறங்கி இரண்டு நாளில் வெட்டினார்கள். தலைப்பக்கம் ஒன்றுமில்லை, போகப்போகக் கூடிக் கடைசியில் 16 செ.மீ. இரண்டு பெட்டிகளின் அடியும் 12, 15 செ.மீ. மேலே நின்றது. அதை உடைத்துத் திரும்பக் கட்டிய செலவில் பாதியை அமைப்பு ஏற்றது, பாதியைத் தம்பி தன் கூலியில் விட்டுக்கொடுத்தார். அவர் கொடுக்கத் தேவையில்லை என்று நான் சொன்னேன். கேட்கவில்லை.

அடுத்த முறையில் மதகு திறந்து ஒன்றரை மணித்தியாலத்தில் கடைசி வக்கடைக்கு, அதாவது வயலுக்குள் தண்ணீர் விடும் வாய்க்கு, தண்ணீர் வந்தது. கச்சான் காற்று வீசும் நேரம், தண்ணீருக்கு முன்னால் தூசிதான் வந்தது என்று விதானையார் சொன்னார். ஆனால் கடைசிக் காணிகளில் ஒன்றுக்கு அது பிந்திய தண்ணீர். ஒன்றரை ஏக்கரில் பயிர் ஐதாகி, அறுவடையில் மற்றக் காணிகளின் பாதிகூடக் கிடைக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு அந்தப் போகம் திரும்பி வராது.

கருவியின் சொந்தக்காரர் மூடியும் புதுச் சுரைகளும் போட்டார். அடித்தட்டு இன்னும் மாறவில்லை.

இனி மாற்றுவது

யாராவது எனக்குப் போன் எடுத்துக் கணக்கு மூடியது என்று சொன்னால், முளைச் சோதனை எத்தனை என்று முதலில் கேட்கிறேன். வாடகைக் கருவி என்றால் எடுத்த அன்று காலையிலேயே சோதனை. அரை மணித்தியாலம்தான் போகும். அந்த எண் திகதியோடு புத்தகத்தின் முதல் பக்கத்தில் வர வேண்டும். திரும்பி வரும்போது பழைய குழிகளில் நிறுத்துவதில்லை. ஒரு வாய்க்கால் கிட்டே என்றாலும் கருவி பெட்டிக்குள்தான் போகும், பெட்டி மடியில்தான் இருக்கும். ஆட்டம் தெரிந்தால் முக்காலி மூட்டைப் பார்த்த பிறகே மேலே கை வைப்பது. பெட்டிக்குள் குறடு வைப்பதில்லை, 13ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும்.

தம்பி இப்போது பக்கத்து வட்டையில் வேலை பார்க்கிறார். போன கிழமை முதல் பக்கத்தைப் போனில் படமெடுத்து அனுப்பியிருந்தார்: 60 மீற்றர், 2 மி.மீ., காலை 6.40.